ப்ளோயர் ஓடுது, சூடு வரலை

2021 அக்டோபர் முதல் வாரம். கொலராடோவில் கிரேட் சாண்ட் டியூன்ஸ் தேசியப் பூங்காவுக்குள் பின்யான் ஃப்ளாட்ஸ் என்று ஒரு முகாம் இருக்கிறது. கடல்மட்டத்திலிருந்து சுமார் 8,200 அடி உயரம். பகல் முழுக்க மணல்மேட்டில் சறுக்கி விளையாடிவிட்டு அடித்துப் போட்டதுபோல் தூங்கிய என் பெண், ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்துவிட்டாள். "அப்பா, காத்து வருது. ஆனா சில்லுனு வருது."

தரையிலிருந்த துவாரத்தில் கையை வைத்துப் பார்த்தேன். அவள் சொன்னது சரி. ஃபர்னஸ் ஓடுகிறது, காற்று வருகிறது, சூடு மட்டும் இல்லை. வெளியே மைனஸ் நாலு டிகிரி. இருக்கிற போர்வையையெல்லாம் போட்டு மூன்று பேரும் ஒரே கட்டிலில் சுருண்டு படுத்து விடியவைத்தோம். அந்த ராத்திரியில் ஆரம்பித்த கேள்விதான் இந்தப் பதிவு: பழைய ஃபர்னஸை ரிப்பேர் பண்ணுவதா, தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு வாங்குவதா?

ஆர்வி என்பது பழக்கமில்லாதவர்களுக்கு: சக்கரம் வைத்த சின்ன வீடு. கட்டில், அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ளேயே. எங்களுடையது வண்டிக்குப் பின்னால் கட்டி இழுக்கும் 24 அடி டிராவல் டிரெய்லர், 2006 மாடல், செகண்ட் ஹேண்டில் வாங்கியது. ஃபர்னஸும் 2006தான். அதாவது அன்றைக்கு அதற்கு வயது பதினைந்து.

ஊருக்குத் திரும்பியதும் ஒரு ஆர்வி கடைக்கு போன் போட்டேன். "வயது என்ன?" என்றார்கள். சொன்னேன். "மாற்றிவிடுங்கள், கூலியோடு 1,900 டாலர் ஆகும்" என்றார்கள். வேறு ஒரு கேள்வியும் கேட்கவில்லை. எனக்குச் சுருக்கென்றது. டாக்டர் நாடி பிடித்துக்கூடப் பார்க்காமல் ஆபரேஷன் தேதி குறித்த மாதிரி. சரி, முதலில் இந்தச் சாமான் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்வோம் என்று உட்கார்ந்தேன்.

ஒரு மைக்ரோவேவ் அளவு தகரப்பெட்டி. எரிபொருள் ப்ரொப்பேன் கேஸ். நடுவில் மூடிய இரும்பு அறை ஒன்று. அதற்குப் பெயர் கம்பஸ்டன் சேம்பர். நெருப்பு எரிவது அதற்குள்தான். எரிவதற்கான காற்று வெளியிலிருந்து வருகிறது, எரிந்த புகை வெளியே போய்விடுகிறது. நாம் சுவாசிக்கிற காற்று அந்த அறையின் வெளிச்சுவரைத் தடவிக்கொண்டு போய்ச் சூடாகி, குழாய் வழியாக வீட்டுக்குள் வருகிறது. இரண்டு காற்றும் ஒன்றையொன்று தொடவே கூடாது. இவற்றுக்கு நடுவே இருப்பது அந்த இரும்புச் சுவர் மட்டும். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

இப்போது வரிசை. தெர்மோஸ்டாட் "குளிருது" என்று சொன்னதும் முதலில் ப்ளோயர் மோட்டார் சுற்றும். கேஸ் உடனே திறக்காது. முந்தைய முறை மிச்சமிருந்த கேஸ் வெளியேறுவதற்காகப் பதினைந்து விநாடி போல வெறும் காற்றுதான். அந்தக் காற்றுப்பாதையில் ஒரு சின்னத் தகடு தொங்கிக்கொண்டிருக்கும். காற்று போதுமான வேகத்தில் அடித்தால் அது பாய்மரம் மாதிரி தள்ளப்பட்டு ஒரு சுவிட்சை மூடும். பெயரே செயில் சுவிட்ச்தான். அது மூடினால்தான் போர்டுக்கு உத்தரவு போகும், கேஸ் வால்வு திறக்கும், பொறி பறக்கும். சில விநாடிக்குள் தீ பிடித்ததை போர்டு உணரவில்லை என்றால் கேஸை மூடிவிடும். பெரும்பாலானவை மூன்று தடவை முயற்சி பண்ணிவிட்டு "போதும்" என்று நின்றுவிடும். கூடவே லிமிட் சுவிட்ச் என்று ஒரு காவலாளி. அளவுக்கு மீறிச் சூடானால் அது கேஸை நிறுத்தும்.

இதைப் படித்தபோதுதான் ஒரு விஷயம் உறைத்தது. அந்த ராத்திரி சூடு வராதது ஃபர்னஸின் கோளாறு என்று நினைத்தேன். உண்மையில் ஏதோ ஒரு காவலாளி "வேண்டாம்" என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறான்.

யார் சொன்னது என்று கண்டுபிடிக்க வேண்டும். முதலில் சந்தேகப்பட வேண்டியது ஃபர்னஸையே அல்ல, பேட்டரியை. ப்ளோயர் 12 வோல்ட் மோட்டார். எங்கள் அளவு ஃபர்னஸில் எட்டு ஆம்பியர் போல இழுக்கும். பத்து மணி நேர இரவில் பாதி நேரம் ஓடினாலே 40 ஆம்பியர்-மணி காலி. ஒரு சாதாரண 100 ஆம்பியர்-மணி லெட் ஆசிட் பேட்டரியில், அதைக் கெடுக்காமல் எடுக்கக்கூடியது பாதிதான், அதுவும் குளிரில் இன்னும் குறையும். பின்யான் ஃப்ளாட்ஸில் கரண்ட் இணைப்பு கிடையாது. ராத்திரி இரண்டு மணிக்கு வோல்ட் இறங்கும், மோட்டார் சோம்பலாகச் சுற்றும், பாய்மரத் தகடு முழுசாக நகராது. காது கேட்கிற அளவுக்கு ப்ளோயர் ஓடும், ஆனால் தீ பிடிக்காது. இந்த மாதிரிக் கேஸில் 1,900 டாலர் கொடுத்துப் புது ஃபர்னஸ் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? புதுசும் ராத்திரி இரண்டு மணிக்குச் சில்லென்று ஊதியிருக்கும்.

எங்கள் விஷயத்தில் பேட்டரி அல்ல. வாசலில் நிறுத்தி வீட்டுக் கரண்ட்டைக் கொடுத்து, ஃபர்னஸின் ஒயரிலேயே மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தேன். 13 வோல்ட்டுக்கு மேல். அப்போதும் சூடு வரவில்லை. பெட்டியைக் கழற்றினால் செயில் சுவிட்சின் தகட்டைச் சுற்றி ஒரு உருண்டை நாய் முடி. எங்களிடம் நாய் கிடையாது. முதல் உரிமையாளர் தம்பதியிடம் இருந்திருக்கிறது. முடியை எடுத்தும் சுவிட்ச் சரியாக மூடவில்லை, உள்ளே தேய்ந்துவிட்டது. புது சுவிட்ச் 28 டாலர். மாட்டினேன். பதினைந்து விநாடி, டிக் டிக் டிக், குபுக். சூடு வந்தது.

1,900க்குப் பதில் 28. அந்த வாரம் முழுக்க வீட்டில் நான் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டுதான் நடந்தேன்.

இங்கே நிறுத்தியிருந்தால் இது "கடைக்காரனை நம்பாதே, நீயே ரிப்பேர் பண்ணு" என்ற பதிவாக முடிந்திருக்கும். அந்த மாதிரிப் பதிவுகளைப் படித்துத்தான் நானும் தைரியம் வந்து திருப்புளியை எடுத்தேன்.

அதே மாதம் நடுவில் ம்யூலர் ஸ்டேட் பார்க்குக்குப் போனோம். இதுவும் கொலராடோதான், உயரம் சுமார் 9,500 அடி. இங்கே கரண்ட் இணைப்பு உண்டு. பேட்டரிக் கவலை இல்லை. ஃபர்னஸ் ராத்திரி முழுக்க ஜம்மென்று ஓடியது. காலையில் எழுந்தால் மூன்று பேருக்கும் தலைவலி. பெண்ணுக்குக் குமட்டல் வேறு. உயரம் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தோம். கொலராடோவில் யாருக்குத் தலை வலித்தாலும் முதலில் சொல்கிற காரணம் அதுதான். தண்ணீர் நிறையக் குடித்தோம், காட்டுக்குள் நடக்கப் போனோம். ஒரு மணி நேரத்தில் எல்லோருக்கும் சரியாகிவிட்டது.

திரும்பி வரும்போது என் மனைவிதான் நின்றாள். "என்னங்க, நாம இப்ப மேலதானே ஏறிப் போனோம்? உயரத்தாலன்னா ஏற ஏறக் கூடல்ல செய்யணும்? வெளிய வந்ததும் எப்படி விட்டுச்சு?"

அவள் கேட்டு முடிப்பதற்குள் எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. ஃபர்னஸை அணைத்தோம், ஜன்னல்களைத் திறந்துவிட்டோம். அன்று ராத்திரி கரண்ட்டில் ஓடும் சின்ன ஹீட்டரை வைத்துச் சமாளித்தோம். காலையில் யாருக்கும் தலைவலி இல்லை. டிரெய்லரில் கார்பன் மோனாக்சைடு அலாரம் இருந்தது. கிளம்புவதற்கு முன் அதன் பொத்தானை அமுக்கிப் பார்த்திருந்தேன், பீப் அடித்தது. அந்தப் பொத்தான் சத்தம் போடுகிற பகுதியைத்தான் சோதிக்கும், வாயுவை உணர்கிற சென்சாரை அல்ல என்பது எனக்கு அப்போது தெரியாது. சுவரிலிருந்து கழற்றிப் பின்பக்கம் பார்த்தால் 2006 என்று இருந்தது. இந்த அலாரங்களின் ஆயுள் மாடலைப் பொறுத்து ஐந்திலிருந்து பத்து வருஷம்.

வீட்டுக்கே வந்து பார்க்கிற மெக்கானிக் ஒருவரைப் பிடித்தேன். அறுபது வயது தாண்டியவர், அதிகம் பேசாதவர். ஃபர்னஸை ஓடவிட்டு, துவாரத்தின் வாயில் ஒரு மீட்டரைப் பிடித்தார். இருபது நிமிஷத்தில் முப்பது சொச்சம் பிபிஎம். பத்து லட்சத்தில் முப்பது பங்கு. அணைத்துவிட்டு, என்னிடம் ஒன்றும் சொல்லாமல் கேஸ் சிலிண்டரை மூடிவிட்டு வந்தார். பிறகு பெட்டியை வெளியே இழுத்து, சேம்பரைத் தனியாகக் கழற்றி, உள்ளே ஒரு விளக்கைப் போட்டு, கராஜ் லைட்டை அணைக்கச் சொன்னார். இருட்டில் இரும்பின் மடிப்பு ஓரமாக ஒரு வெளிச்சக்கீற்று தெரிந்தது. தலைமுடி மாதிரி, இரண்டு இஞ்ச் நீளம்.

"அந்த சுவிட்சை மாற்றியது யார்?" என்று கேட்டார். நான்தான் என்றேன். வேலை சுத்தமாகப் பண்ணியிருக்கிறீர்கள் என்றார். பாராட்டுத்தான். ஆனால் கணக்கைப் போட்டுப் பாருங்கள். சேம்பரில் விரிசல் எப்போது விழுந்தது என்று யாருக்கும் தெரியாது. கிரேட் சாண்ட் டியூன்ஸில் அந்த ராத்திரி தீ பிடிக்காமல் தடுத்தது நாய் முடி. எங்களைக் குளிரில் நடுங்கவிட்ட அந்தக் கோளாறுதான் ஒருவேளை எங்களைக் காப்பாற்றியது. அதை 28 டாலருக்கு நான் சரிபண்ணி, பெண்ணைப் படுக்கவைத்தேன்.

கார்பன் மோனாக்சைடு நம் ரத்தத்தின் ஹீமோகுளோபினில் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். மணம் கிடையாது, நிறம் கிடையாது. மலை உயரத்தில் ஆக்சிஜன் ஏற்கெனவே குறைவு, அதில் இதுவும் சேரும். அறிகுறி தலைவலி, குமட்டல், சோர்வு. உயரம் ஒத்துக்கொள்ளாவிட்டாலும் இதேதான். புது அலாரம் இருந்திருந்தால் காப்பாற்றியிருக்குமா? அதுவும் சந்தேகம். அமெரிக்காவில் இந்த அலாரங்களுக்கான யுஎல் 2034 தரவிதிப்படி, 70 பிபிஎம் இருந்தால் ஒரு மணியிலிருந்து நாலு மணி நேரத்துக்குள் அலற வேண்டும். 400 இருந்தால் நாலு முதல் பதினைந்து நிமிஷத்துக்குள். 30 பிபிஎம் என்றால் முப்பது நாள் வரை அலறக் கூடாது. வீண் அலறலைத் தவிர்க்க அப்படி வைத்திருக்கிறார்கள். அதாவது எங்கள் முப்பது சொச்சத்துக்குப் புதுசும் வாயைத் திறந்திருக்காது. இது புரிந்த பிறகு, சின்ன அளவையும் எண்ணாகக் காட்டுகிற மீட்டர் ஒன்றைத் தனியாக வாங்கி வைத்தேன். அலாரமும் வேண்டும், மீட்டரும் வேண்டும்.

இப்போது முதல் கேள்விக்கு வருகிறேன்.

வயதை வைத்து முடிவெடுப்பது தப்பு என்று இன்னமும் சொல்வேன். வருஷத்துக்குப் பத்து ராத்திரி மட்டும் ஓடிய பதினைந்து வயது ஃபர்னஸும், டிரெய்லரிலேயே குடியிருக்கிறவர் மூன்று குளிர்காலம் விடாமல் ஓட்டிய ஃபர்னஸும் ஒன்றல்ல. ரிப்பேர் செலவு புதுசின் விலையில் பாதியைத் தாண்டினால் மாற்று என்று ஒரு பொது விதி சொல்வார்கள். பரவாயில்லை, ஆனால் அதுவும் பணத்தைப் பற்றி மட்டும்தான் பேசுகிறது.

நான் பிரிக்கிற விதம் வேறு. ஃபர்னஸில் இரண்டு ஜாதி பாகங்கள். ஒன்று, கெட்டால் உங்களைக் குளிரில் விடுபவை: தெர்மோஸ்டாட், செயில் சுவிட்ச், லிமிட் சுவிட்ச், போர்டு, பொறி போடும் முனை, மோட்டார். இவை கெட்டால் ஃபர்னஸ் நிற்கும். எரிச்சல் வரும், ஆபத்து வராது. இதையெல்லாம் எத்தனை வயதானாலும் ரிப்பேர் பண்ணலாம். பழைய மாடலுக்குப் பாகம் கிடைக்காது என்று கடையில் சொன்னால் உடனே நம்ப வேண்டாம். டைனோசர் எலக்ட்ரானிக்ஸ் என்ற பெயரிலேயே ஒரு கம்பெனி பழைய ஃபர்னஸ்களுக்கு மாற்று போர்டு செய்கிறது. பெயர்ப் பொருத்தம் அமோகம். (ஒரு எச்சரிக்கை: லிமிட் சுவிட்ச் அடிக்கடி வெட்டுகிறது என்று அதை ஒயர் போட்டுத் தாண்டிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். அது ஏன் வெட்டுகிறது என்று பாருங்கள்.)

இரண்டாவது ஜாதியில் இருப்பது அந்த இரும்புச் சுவரும் அதன் ஓரத்து கேஸ்கட்டும்தான். அது கெட்டால் ஃபர்னஸ் நிற்காது. முன்பைவிட ஒன்றும் குறையில்லாமல் ஓடும், சூடும் வரும். அதில் விரிசல் என்றால் பாதி விலை விதியெல்லாம் கிடையாது. வெல்டிங் வைத்துப் பார்க்கலாமா என்று நானும் கேட்டேன். மெக்கானிக் என்னைப் பார்த்த பார்வையிலேயே பதில் கிடைத்தது. சேம்பரை மட்டும் புதுசாக வாங்கலாம். சில மாடலுக்குக் கிடைக்கும். எங்களுடையதற்கு அதன் விலையே முழு ஃபர்னஸில் பாதிக்கு மேல். பதினைந்து வயது மோட்டாரோடு அதைச் சேர்ப்பதில் அர்த்தமில்லை. மாற்றினோம்.

இந்த இரண்டாவது ஜாதி தானாக உங்களைக் கூப்பிடாது என்பதுதான் சிக்கல். கூப்பிடுவது முதல் ஜாதிதான். ஆகவே எந்தச் சின்ன ரிப்பேருக்காகவாவது பெட்டியைத் திறந்தால், அன்றைக்கே சேம்பரையும் பார்த்துவிட வேண்டும். வெளியிலிருந்து தெரியாத இடங்களுக்கு கேமரா வைத்த ஒயர் ஒன்று போதும். சேம்பரைக் கழற்றினால் கேஸ்கட்டைப் புதுசாகப் போட வேண்டும். பழசையே திரும்ப வைத்தால் நாமே ஒரு ஓட்டையை உண்டாக்கின மாதிரி. இது கைவராது என்றால் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். நான் முதல் தடவை திறந்தபோது பாதி தூரம் போய்விட்டேன், சேம்பருக்கு ஒரு சாண் தள்ளிக் கை வைத்தேன். அப்போது பார்த்திருந்தால் ம்யூலர் ராத்திரி இல்லை.

விரிசல் ஏன் விழுகிறது? சூடாகிக் குளிர்ந்து, சூடாகிக் குளிர்ந்து இரும்பு களைத்துப்போகிறது. ஈரம் தங்கித் துருவும் பிடிக்கும். நாமே பண்ணுகிற ஒரு தப்பும் உண்டு: படுக்கை அறைக்குச் சூடு அதிகம் வரட்டும் என்று மற்ற துவாரங்களை மூடிவைப்பது. நாங்கள் நாலில் இரண்டை வருஷக்கணக்கில் மூடியே வைத்திருந்தோம். காற்று போக வழியில்லாமல் சேம்பர் அளவுக்கு மீறிக் காயும், லிமிட் சுவிட்ச் வெட்டும், ஆறும், மறுபடி காயும்.

புதுசு வாங்குவதில் ஒரு எதிர்பார்ப்பைக் கழித்துவிடலாம். வீட்டு ஃபர்னஸில் பழசை மாற்றினால் கேஸ் பில் குறையும். ஆர்வியில் அப்படிப் பெரிசாக ஒன்றும் இல்லை. இதன் வடிவமைப்பு பல வருஷமாக ஏறத்தாழ அதேதான். 30,000 பிடியு ஃபர்னஸ் விடாமல் எரிந்தால், 20 பவுண்டு சிலிண்டர் பதினாலு மணி நேரத்தில் தீரும். புதுசிலும் அதே கதை. அதனால் "சிக்கனம்" என்று யாராவது விற்கப் பார்த்தால் காது கொடுக்க வேண்டாம். பெரிய சைஸ் போடுங்கள் என்பதும் ஆபத்தான யோசனை. பழைய குழாய்களும் துவாரங்களும் அந்தக் காற்றை ஏற்காது, மறுபடி அதே சூட்டுப் பிரச்சினை. பழசின் பிடியு, பெட்டியின் நீள அகல உயரம், புகைக்குழாய் இருக்கும் இடம், குழாய்களின் எண்ணிக்கை இவற்றை எழுதிக்கொண்டு போய் அதே மாதிரி வாங்குவது உத்தமம். பழைய கம்பெனிப் பெயரைக் கடையில் காணவில்லையே என்று குழம்ப வேண்டாம். உதாரணமாக, ஆட்வுட் என்ற பெயரில் வந்த ஃபர்னஸ்களை 2014-இல் டொமெடிக் வாங்கிவிட்டது.

எங்களுக்கு ஃபர்னஸ் 780 டாலர், கூலி 450. கடை முதலில் சொன்ன 1,900-ஐவிடக் குறைவு. ஆனால் அவர்கள் "மாற்று" என்று சொன்னது சரியாகிப் போனதே என்று என் மனைவி இன்னும் சொல்லிக் காட்டுகிறாள். அவர்கள் பார்க்காமல் சொன்னார்கள், நான் பார்க்காமல் மறுத்தேன். அந்த விஷயத்தில் நாங்கள் இரண்டு பேரும் சமம்தான்.

புது ஃபர்னஸ் மாட்டிய அன்று டிரெய்லரை வாசலிலேயே நிறுத்தி, மூன்று மணி நேரம் ஓடவிட்டு, நாலு துவாரத்திலும் மீட்டரைப் பிடித்தேன். பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம். துவாரங்கள் நாலும் இப்போது திறந்தே இருக்கின்றன. ஹால் பக்கம் கொஞ்சம் அதிகமாகவே சூடாகிறது. அதற்கு இன்னும் வழி பார்க்கவில்லை.